மணிக்கயிறு இழுக்கும் எலும்புக்கூடு: இந்தப் படம் யாருடையது?

கேள்வி: தேவகோட்டைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில், எனாமல் தட்டுகளும் ரவிவர்மா படங்களும் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் கிடந்த, தேக்குச் சட்டமிட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை வாங்கி வந்தேன். பக்கத்து ஊர் ஒன்றில் பாகம் பிரித்து இடித்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்கு மேல் கடைக்காரருக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

படத்தில் இருப்பது ஓர் உயரமான தேவாலயக் கோபுரத்தின் மேல் அறை. கைவைத்த நாற்காலியில் ஒரு முதியவர், விரல்களைக் கோத்து மடியில் வைத்தபடி, தலை சாய்ந்து கண்மூடி அமர்ந்திருக்கிறார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிறது. அருகில் விரித்த புத்தகம், சிலுவை. சன்னல் விளிம்பில் ஒரு சிறு பறவை. வெளியே சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அவருக்கு எதிரே, முக்காடிட்ட நீண்ட அங்கியோடு ஓர் எலும்புக்கூடு தலையைக் குனிந்துகொண்டு மணிக்கயிற்றை இழுக்கிறது. கீழே ஜெர்மன் எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. பூச்சி அரித்ததுபோக 'டோட்' என்ற சொல் மட்டுமே படிக்கக் கிடைக்கிறது.

இதை வரைந்தவர் யார், எந்தக் காலத்தது என்பது என் முதல் கேள்வி. எலும்புக்கூடு என்றாலே பயமுறுத்துவதற்காக வரைவது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இந்த எலும்புக்கூடோ துக்க வீட்டுக்கு வந்த நெருங்கிய உறவினரைப்போல் அடக்கமாக நிற்கிறது. அக்காலத்து அச்சுப்படங்களில் மரணத்தை இப்படி வரைவது வழக்கம்தானா? இது மூல அச்சா, பிற்கால நகலா என்று கண்டறிய ஏதேனும் வழி உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். படத்தை முகப்பில் மாட்டப் போனேன், "யமன் படத்தை வாசலுக்கு நேரேயா மாட்டுவாக?" என்று அப்பத்தா கோபித்துக்கொண்டதால் இப்போது ஆல்வீட்டுச் (கூடத்துச்) சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

மறுமொழி: அச்சுப்படச் சேகரிப்பாளர், காரைக்குடி

வணக்கம். நீங்கள் விவரித்திருப்பதிலிருந்து ஐயத்துக்கே இடமில்லை. ஜெர்மானிய ஓவியர் ஆல்ஃபிரட் ரெத்தெல் வரைந்து 1851இல் மரச்செதுக்கு அச்சாக வெளிவந்த 'நண்பனாக மரணம்' என்ற படம் அது. நீங்கள் படித்த 'டோட்' என்பது மரணத்துக்கான ஜெர்மன் சொல். ரெத்தெல் 1816இல் ஆகன் நகரை அடுத்துப் பிறந்தவர். அந்நகர மண்டபத்தில் பேரரசர் சார்லமேனின் வரலாற்றைப் பெரிய சுவரோவியங்களாகத் தீட்டும் பணியில் 1847 முதல் ஈடுபட்டிருந்தவர். 1853இல் மனநோய்க்கு ஆளாகி, 1859இல் டுசல்டார்ஃபில் 43ஆம் வயதில் இறந்தார். இன்று அவர் பெயரைச் சொல்ல வைப்பவை அந்தச் சுவரோவியங்களைக் காட்டிலும், கைக்கடக்கமான இந்த அச்சுப்படங்கள்தாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், இந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது. இதற்கு ஓர் இணைப்படம் உண்டு. அதன் பெயர் 'கழுத்தை நெரிப்பவனாக மரணம்'. பாரிஸில் முகமூடி நடன விருந்து ஒன்றில் காலரா முதன்முதலாகத் தோன்றியதைக் காட்டுவது அது. அங்கும் எலும்புக்கூடு அங்கி அணிந்தே நிற்கிறது. ஆனால் கையில் மணிக்கயிறு இல்லை. ஓர் எலும்பை வயலினாகவும் மற்றோர் எலும்பை வில்லாகவும் வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறது. அதன் காலடியில் முகமூடிக் கோலத்திலேயே சிலர் விழுந்து கிடக்கிறார்கள். மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் வாத்தியங்களை அள்ளிக்கொண்டு வெளியேறுகிறார்கள். பின்புறத்தில், வற்றிய பிணம் போன்ற உருவத்தில், கையில் சாட்டையோடு காலராவே உட்கார்ந்திருக்கிறது. ரெத்தெல் படத்தின் தலைப்பில் 1831 என்று குறித்திருந்தாலும், பாரிஸில் அந்நோய் வெடித்தது 1832 மார்ச் மாத இறுதியில். நடன விருந்தில் கோமாளி வேடமிட்ட ஒருவன் கால்களில் திடீர்க் குளிரை உணர்ந்து முகமூடியைக் கழற்றியபோது அவன் முகம் நீலம் பாரித்திருந்ததைக் கவிஞர் ஹைன்ரிச் ஹைனே அந்நாளில் ஜெர்மானியச் செய்தித்தாளுக்கு எழுதி அனுப்பினார். அந்த ஆண்டு பாரிஸ் நகரில் மட்டும் 18,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஆக, ஒரே எலும்புக்கூடு ஓரிடத்தில் வாழ்வின் நடுவே பாய்ந்து கொல்கிறது; மற்றோரிடத்தில் வேலை முடிந்து களைத்த கிழவருக்கு மாற்றாளாக வந்து அவருடைய வேலையையே செய்கிறது. ஊரில் யார் இறந்தாலும் மணியடித்து அறிவித்தவர் அவர். அவருக்காக மணியடிக்க வேறு ஆள் இல்லாததால் மரணமே அதைச் செய்கிறது. நம் ஊரில் சங்கும் சேகண்டியும் ஒலிக்கிற அதே வேலைதான் அங்கே அந்த மணிக்கு. ரெத்தெலின் திறமை இவ்வளவையும் முகபாவம் என்ற ஒன்றே இல்லாத மண்டையோட்டை வைத்துக்கொண்டு சொல்லியிருப்பதில் இருக்கிறது. முதுகின் வளைவும் குனிந்த தலையின் கோணமும்தான் அங்கே துக்கம்.

மரணத்தை ஆளாக்கி வரைவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்து லியோன் நகரில் 1538இல் புத்தகமாக வந்த 41 மரச்செதுக்குகளில் போப்பாண்டவர் முதல் உழவன் வரை ஒவ்வொருவரையும் எலும்புக்கூடு வந்து இழுத்துப் போகிறது. அங்கே கருத்து ஒன்றுதான்: பட்டம் பதவி எதுவும் நிற்காது. 19ஆம் நூற்றாண்டின் கற்பனாவாத (ரொமாண்டிக்) ஓவியர்கள் கையில் அந்த எலும்புக்கூட்டுக்குக் குணமும் நோக்கமும் மாறுவேடமும் வந்து சேர்ந்தன. யாரைக் கொண்டுபோகிறது என்பதைவிட, எப்படிப்பட்ட ஆளாக வருகிறது என்பதே படத்தின் பொருளாகிவிட்டது.

மறுமொழி: வரலாற்று மாணவன், கானாடுகாத்தான்

மேலே எழுதியவர் சொன்ன தகவல்கள் அனைத்தும் சரி. ஆனால் இந்த இரட்டைப் படத்துக்கு முன்னால் ரெத்தெல் செய்த ஒன்றைச் சொல்லாமல் விட்டதால் அவருடைய 'நண்பன்' தேவைக்கு மேல் நல்லவனாகத் தெரிகிறான் என்பது என் கருத்து.

1848இல் ஐரோப்பா முழுவதும் புரட்சி மூண்டது. அடுத்த ஆண்டு மே மாதம் டிரெஸ்டனில் எழுந்த கிளர்ச்சியைப் படைகள் அடக்கின. அதே 1849இல் ரெத்தெல் வரைந்து, ஹூகோ பியூர்க்னரின் பட்டறையில் செதுக்கி, ராபர்ட் ரைனிக் எழுதிய செய்யுள்களோடு லைப்சிக் நகரில் வெளியானவை 'இதுவும் ஒரு மரண நடனம்' என்ற ஆறு படங்கள். முதல் படத்தில் மரணம் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வருகிறது. பின்னால் நீதிதேவதை கட்டுண்டு கிடக்க, அவளிடமிருந்து பறித்த வாளைச் சூதும் தராசைப் பொய்யும் கொண்டுவந்து தருகின்றன. தொப்பியும் குதிரையும் அரிவாளும் கொடுக்க வேறு தீக்குணங்கள் பெண் வடிவில் நிற்கின்றன. இரண்டாவதில் இறகு செருகிய தொப்பியும் வாயில் சுருட்டுமாக மரணம் குதிரையேறி நகரத்தை நோக்கிப் போகிறது.

மூன்றாவது படத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மதுக்கடை வாசலில் கூட்டம் கூடியிருக்க, மரணம் ஒரு தட்டில் அரச முடியையும் மறுதட்டில் புகைக் குழாயையும் வைத்து எடை போட்டுக் காட்டுகிறது. இரண்டும் சமமாக நிற்கின்றன. ஏனென்றால் தராசை மேல் வளையத்தில் பிடிக்காமல் முள்ளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொண்டுவிற்றும் வட்டிக்குக் கொடுத்தும் வாழ்ந்த நம் வட்டாரத்தில் எடைக்கள்ளம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூட்டமோ வாய்பிளந்து நிற்கிறது; பார்வையற்ற ஒரு கிழவி மட்டும் அங்கிருந்து விலகிப் போகிறாள். அதன்பின் மரணம் மக்கள் கையில் வாளைக் கொடுக்கிறது. தடுப்பரணின் மேல் ஏறி நின்று அங்கியைத் திறந்து விலா எலும்புகளைக் காட்டுகிறது. கடைசியில் வெற்றிவாகை சூடிக் குதிரையில் பிணங்களின் மேல் நடக்கிறது.

இதன் அரசியல் வெளிப்படையானது. சமத்துவம் பேசுகிறவன் உங்களைச் சாகடிக்க வந்த ஏமாற்றுக்காரன் என்பதுதான் ஆறு படங்களின் செய்தி. மலிவுப் பதிப்பாக அச்சிட்டு ஆயிரக்கணக்கில் அவை பரப்பப்பட்டதும் அதற்காகத்தான். ஆக, ரெத்தெலின் மூன்று மரணங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: கலகம் செய்தவனுக்கு ஏமாற்றுக்காரனாக வருகிறது, கேளிக்கையில் ஆடியவனுக்குக் கொலைகாரனாக வருகிறது, வாழ்நாள் முழுவதும் கோயில் வேலை செய்து வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும் நண்பனாக வருகிறது. இந்த எலும்புக்கூடு ஆளைப் பார்த்து நடந்துகொள்ளும் எலும்புக்கூடு. ஹோல்பைனின் மரணம் போப்பாண்டவரையும் விடவில்லை. அந்த நேர்மை 300 ஆண்டுகளில் தேய்ந்துபோய்விட்டது.

படத்தின் ஆற்றலை நான் மறுக்கவில்லை. ரெத்தெலின் அரசியல் சார்புக்கு நேர்மாறான பாரிஸ் நகரத்திலிருந்து, பிரெஞ்சுக் கவிஞர் போதலேரே இந்தப் படங்களை மதித்து எழுதியிருக்கிறார்.

மறுமொழி: பள்ளத்தூர் வாசகி

கானாடுகாத்தான் நண்பரின் வாதம் வலுவானது. 1849 வரிசையைப் பொறுத்தவரை அதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் மணியடிப்பவர் படத்துக்கும் அதே அளவுகோலை நீட்டுவது பொருந்தவில்லை. அந்தக் கிழவரின் அறையில் அதிகாரத்தின் அடையாளம் எதுவும் இல்லை. சாவிக்கொத்துகூட வேலைக்காரனின் சாவிக்கொத்துதான். பேரன் பேத்தி எடுத்து, படுக்கையில் விழாமல், பேச்சுமூச்சோடு இருந்து போனவர்களை நாம் கல்யாணச் சாவு என்று கொட்டுமேளத்தோடு அனுப்புகிறோம். அவர்கள் எல்லாரும் அரசுக்கு அடங்கியவர்கள் என்பதற்காகவா அனுப்புகிறோம்? முதுமையில் வருவது வேறு, இளமையில் வருவது வேறு என்ற வேறுபாடு அரசியலுக்கு முற்பட்டது. இணைப்படத்தில் செத்து விழுந்திருப்பவர்கள் இளையவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்பத்தா சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் இருப்பது யமன் இல்லை. நம் யமனுக்குப் பதவி உண்டு, கணக்கு எழுத ஆள் உண்டு, எருமையும் பாசக்கயிறும் உண்டு. தர்மராசன் என்ற பெயரும் உண்டு. அவன் வாதத்துக்குக் கட்டுப்பட்டவன். சாவித்திரி பேசியே கணவனை மீட்டாள். அவனுக்கு மேலே ஒருவர் உண்டு என்பதைத்தான் திருக்கடவூரில் காலனைக் காலால் உதைத்த கதை சொல்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் நம் ஆட்கள் அங்கே போவதும் அதனால்தான். ரெத்தெலின் எலும்புக்கூட்டுக்கு மேலதிகாரி யாரும் படத்தில் இல்லை. சிலுவை சுவரில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து யாரும் அதை அனுப்பியதாகத் தெரியவில்லை. அது தானாக வந்து, தானாக இரக்கப்படுகிறது. கற்பனாவாதக் காலத்துப் புதுமை என்று நான் நினைப்பது இதைத்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் பழம்பாட்டில் கூற்றத்தை எதிரே நிறுத்தித் திட்ட முடிந்தது. சோழ மன்னன் கிள்ளிவளவன் இறந்தபோது புலவர் ஆவடுதுறை மாசாத்தனார், விதை நெல்லையே சமைத்துத் தின்றுவிட்ட பேதை நீ, இனி உனக்கு யார் சோறு போடுவார் என்று கூற்றத்தைக் கேட்கிறார். போர்க்களத்தில் நாளும் உயிர்களைக் கொடுத்து அதன் பசியைத் தீர்த்தவனையே கொண்டுபோய்விட்டதாம். ஒப்பாரியிலும் எமனை ஏசும் அடிகள் ஏராளம். ரெத்தெலின் இரண்டு படங்களிலும் யாரும் மரணத்தோடு பேசுவதில்லை. ஓடுகிறார்கள், விழுகிறார்கள், அல்லது கண்மூடி இருக்கிறார்கள்.

ரெத்தெலோடு நிறுத்திவிடவும் கூடாது. இங்கிலாந்தில் ஓவியர் ரோலண்ட்சன் 1815–16இல் வெளியிட்ட வண்ணமூட்டிய அச்சுப்படங்களில் மரணம் ஒரு நகைச்சுவைப் பாத்திரம். அந்நாட்டு ஓவியரும் கவிஞருமான பிளேக் 'கல்லறை' என்ற கவிதைக்குத் தந்த படங்களில், ஊன்றுகோலோடு ஒரு கிழவர் காற்று தள்ள ஒரு கல்வாசலுக்குள் நுழைகிற காட்சி இருக்கிறது. எலும்புக்கூடு எதுவும் இல்லை, வாசல்தான் மரணம். அதைச் செப்புத் தகட்டில் செதுக்கும் வேலையைப் பதிப்பாளர் பிளேக்கிடமிருந்து எடுத்து ஸ்கியவோனெட்டியிடம் கொடுத்துவிட்டார். 1808இல் புத்தகம் வந்தது. பிளேக்கே செதுக்கிப் பார்த்த முரட்டுத் தகட்டின் அச்சு ஒன்று பிழைத்திருக்கிறது. என் கண்ணுக்கு அதுதான் மேல். நூற்றாண்டின் முடிவில் ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் கிளிங்கர் 1889இல் வெளியிட்ட மரணம் பற்றிய வரிசையில் எலும்புக்கூடு ரயில் தண்டவாளத்தின் குறுக்கே சாவகாசமாகப் படுத்துக் காத்திருக்கிறது. கோபுரமும் அந்தி வெயிலும் போய், தண்டவாளம் வந்துவிட்டது.

கேள்வி கேட்டவர்: தேவகோட்டைக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. பள்ளத்தூர் ஆச்சி எழுதியதை அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். "கல்யாணச் சாவுன்னா சரி, ஆனா முகப்புல வேண்டாம்" என்று தீர்ப்பாகிவிட்டது. மூல அச்சுதானா என்பது மட்டும் பாக்கி. நகை பார்க்கும் பூதக்கண்ணாடியால் பார்த்ததில் புள்ளிகள் எதுவும் தெரியவில்லை. கோடுகள் கறுப்பாகவும் கூர்மையாகவும் இருக்கின்றன. படம் ஏறத்தாழ ஓரடி உயரம் இருக்கிறது. பின்பக்கம் பலகை அடித்திருப்பதால் தாளின் முதுகைப் பார்க்க முடியவில்லை.

மறுமொழி: படச்சட்டம் போடுபவர், கோட்டையூர்

ஐயா, புள்ளி இல்லை என்பதை மட்டும் வைத்து மூல அச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். ஒளிப்படத்தைச் சாம்பல் நிறச் சாயல்களோடு அச்சிடும்போதுதான் புள்ளிகள் விழும். மரச்செதுக்கில் சாம்பல் நிறமே கிடையாது, வெறும் கறுப்புக் கோடுகள்தாம். அதனால் அதை ஒளிப்பட முறையில் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி அச்சடித்தாலும் புள்ளி வராது, கோடாகவே வரும். 1900ஐ ஒட்டி ஜெர்மனியில் ரெத்தெலின் படங்கள் மலிவுப் பதிப்புகளாகப் பலமுறை வந்திருக்கின்றன. கல்லச்சில் (சமதளக் கல்லிலிருந்து எடுக்கும் அச்சில்) எடுத்த நகலாக இருந்தால் கோட்டின் ஓரம் பூதக்கண்ணாடியில் சற்றுச் சொரசொரப்பாகத் தெரியும், தாளில் அழுத்தமே இருக்காது.

பலகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆணிகளை வெளிப்பக்கமாக நெம்பாமல், கிடுக்கியால் ஒவ்வொன்றாக நேராக உருவி எடுங்கள். தாளைக் கவிழ்த்து, சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், அச்சுக்கட்டையின் கோடுகள் முதுகில் லேசாக மேடு தட்டியிருப்பது தெரிய வேண்டும். அது இருந்தால் கட்டையோ உலோகத் தகடோ அழுத்தி அச்சடித்தது என்று பொருள். இல்லாவிட்டால் பிற்காலக் கல்லச்சு நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, தாள் பழுப்பேறி, மூலையைத் தொட்டாலே ஒடிகிறது என்றால் அது மரக்கூழ்த் தாள். 1851இல் இத்தகைய படங்களை அச்சிட அதைப் பயன்படுத்தவில்லை. கீழே பூச்சி அரித்த இடத்தில் செதுக்கியவரின் பெயரோ பதிப்பகத்தின் பெயரோ மிச்சமிருந்தால் அதையும் படமெடுத்துப் போடுங்கள். காலம் குறிக்க அதைவிட உறுதியான சான்று இல்லை.

நம் பக்கத்துப் பழைய சட்டங்களில் பின்பலகையைத் தாளோடு ஒட்டும்படி அடித்திருப்பார்கள். மரத்தின் புளிப்பு ஏறித் தாளில் பலகையின் ரேகை அப்படியே விழுந்திருக்கும். மறுபடி சட்டமிடும்போது அந்தப் பலகையை வைக்காதீர்கள். அமிலமில்லாத அட்டையைப் பின்னால் வைத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி முன்பக்கமும் ஓர் அட்டை விளிம்பு கொடுங்கள். செலோடேப் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்; அரிசிமாவுப் பசையில் மெல்லிய தாள் பட்டை போட்டு மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் தொங்கவிட்டால் போதும், ஆனால் பசையில் மயில்துத்தம் கலக்காதீர்கள். தேக்குச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய சுவரில் சாரல் அடிக்கும். ஆல்வீட்டில் வெயில் நேராக விழாத உள்சுவர்தான் இதற்குத் தோதான இடம்.